லைன் போட்டுக் கொடுத்தவள்

டையைத் தலையில் பூசிக்கொண்டுவிட்டால் அது பிடிக்கிறவரைக்கும் ஒரு மனுஷி எதற்கும் உதவமாட்டாள். சுவரில் சாய முடியாது, நெற்றியைத் துடைக்க முடியாது, கதவைத் தொட்டால் கதவு கறுப்பு, குழாயைத் தொட்டால் குழாய் கறுப்பு. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கிழிந்த நைட்டியும் தோளில் பழைய துண்டுமாக, காது மடலில் வாஸ்லினைத் தடவிக்கொண்டு, கையுறை போட்ட கைகளை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்தபடி தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இன்றைக்கு அவளால் முடியாத காரியம். விடிந்ததிலிருந்து வீட்டைப் பெருக்கி, துடைத்து, யாரும் அண்ணாந்து பார்க்காத ஃபேன் இறக்கையைக்கூட ஏறித் துடைத்தாயிற்று. கை ஓடிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கும். இப்போது கை சும்மா கிடக்கிறது, மனசுக்குக் கொண்டாட்டம். சிநேகிதி சுகந்தி வருகிறாள். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் என்ன பெரிய தூரம், பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். அந்தத் தூரத்தைத்தான் தேன்மொழியால் ஒரு வருஷமாகத் தாண்ட முடியவில்லை. துக்கம் கேட்கப் போகாதவள் வீட்டுக்கு, துக்கப்பட்டவளே பஸ் ஏறி வருகிறாள். உலகத்தில் எங்கேயாவது நடக்குமா இது? நாம்தான் முதலில் போகவேண்டும். போய், அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்கவேண்டும். அவர்கள் அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லி அழ, நாமும் அழுது, போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து வரவேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் நம் வாசலை மிதிப்பார்கள். இந்த வெட்கக்கேட்டில் தலைக்குக் கறுப்பு ஒரு கேடு. புருஷனைப் பறிகொடுத்தவள் வருகிறாள், இவள் ஜோராக டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் நரைத்துப்போய் நின்றால் சுகந்தி, 'என்னடி இப்படி ஆயிட்ட' என்பாள். என்றுவிட்டு இவளுக்காக வருத்தப்படுவாள். அவள் சுபாவம் அப்படி. அதை மட்டும் தாங்க முடியாது.

செல்போன் துவைக்கிற கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்து வைத்தது இவள்தான். அதற்குள்ளே நேற்று வந்த செய்தி இருக்கிறது. 'தேனு, நீ சொன்னபடியே செய்யறேன். நாளைக்குக் கிளம்பி வர்றேன். மத்ததெல்லாம் நேர்ல.' நான் என்ன சொன்னேன்? நேற்றிலிருந்து இதே கேள்விதான், ரசத்துக்குப் புளி கரைக்கும்போதும் இதே, பல் தேய்க்கும்போதும் இதே. நான் சொல்லி அவள் எதைச் செய்கிறாள்? வீட்டை விற்கிறாளா? பெங்களூரில் இருக்கிற மகனோடு போய் இருந்துவிடச் சொல்லிவிட்டேனா? அந்த மருமகளோடு ஒரு வாரம் தாங்கமாட்டாளே. மாமியாரைக் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேனா? சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு மனுஷி தன் வாயால் சொன்னது தனக்கே தெரியாமல் இருந்தால் அதை மறதி என்று மூடிவிடலாம், வயசாகிறது என்று சொல்லலாம். தேன்மொழிக்கு மறதி இல்லை. அவள் அதைச் சொல்லவே இல்லை. சொன்னது போனுக்குள் இருக்கிற ஒரு மிஷின். அது சொன்னதை எடுத்து ஒட்டி அனுப்பியது மட்டும்தான் இவள். முன்பெல்லாம் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது கண்ணை ஓட்டுவாள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. பிடரியில் ஒரு சொட்டு இறங்கியது, குளிர்ச்சியாக, மெதுவாக. துடைக்கக் கை போய் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. சுகந்தியின் புருஷன் ஞானசேகர் செத்துப்போன செய்தி வந்த அன்றைக்கு இந்த வீட்டில் குக்கர் கத்திக்கொண்டிருந்ததா? இல்லை, அன்றைக்கு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மகள் தாரணி கல்யாணம். பந்தக்காலுக்குப் பால் ஊற்றிய கையோடு போனை எடுத்தால், அந்தப் பக்கம் சுகந்தியின் மகன். 'அத்தை, அப்பா...' அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. இவளால் அழக்கூட முடியவில்லை. நாத்தனார் கண்ணாலேயே அதட்டினாள். கால் ஊன்றிய வீட்டில் கண்ணீர் விடக்கூடாது, துக்க வீட்டுக்குப் போகக்கூடாது. அது ஊர் வழக்கம், இவள் செய்த குற்றம் இல்லை. சுகந்தியே சொன்னாளே, 'நீ வந்துடாதடி, பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்' என்று. சவத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். கல்யாணம் முடிந்ததும் போயிருக்கலாம். மஞ்சள் ஈரம் காயவில்லை, மூன்று மாசம் போகட்டும் என்றாள் நாத்தனார். மூன்று மாசமும் போயிற்று. அதற்கப்புறம் தடுக்க நாத்தனார் இல்லை. மழை இருந்தது, மூட்டுவலி இருந்தது, செவ்வாய்க்கிழமை இருந்தது, சனிக்கிழமை இருந்தது. நாள் போகப்போக, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்பதே போகாததற்குக் காரணமாகிவிட்டது. போகாதவர்கள் எல்லாரும் இப்படித்தான் போகாமல் இருப்பார்கள் போலும்.

சுகந்தி எழுத ஆரம்பித்தது கல்யாணம் முடிந்த வாரத்தில். சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில் வரும். நீளம் நீளமாக வரும். வாய் ஓயாமல் பேசுகிறவள், பேச ஆள் இல்லாமல் எழுதுகிறாள். முதலில் வந்ததைப் படித்துவிட்டுத் தேன்மொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதுவது? 'மனசைத் தேத்திக்கோ' என்று எழுதி அழித்தாள். 'காலம் ஆத்தும்' என்று எழுதி அழித்தாள். எல்லாரும் சொல்வது, யாருக்கும் ஆறாதது. அந்தச் சமயத்தில்தான் தாரணி போனில் அந்த சாட்பாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள், கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் நன்றி எழுத. 'பேர சொல்லி, என்ன வேணும்னு சொல்லும்மா, அதுவே எழுதிடும்.' எழுதியது. மொய் எழுதின சித்தப்பாவுக்கு ஒரு மாதிரி, கும்பகோணத்துக் கொலுசு கொடுத்த சம்பந்தி அக்காவுக்கு ஒரு மாதிரி. அந்த வரிசைக்குக் கீழேயே தேன்மொழி சுகந்தியின் செய்தியை ஒட்டினாள். கல்யாண நன்றிக்குக் கீழே சாவு. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது, டையினால் இல்லை. எந்தத் தொனியில் எழுதட்டும் என்று அது கேட்டது. ரொம்ப நெருங்கிய சிநேகிதி மாதிரி, என்று இவள் எழுதினாள். மாதிரி! அந்த வார்த்தையை இவள்தான் எழுதினாள், வேறு யாரும் இல்லை. அது எழுதித் தந்ததைப் படித்தபோது அழுகை வந்தது. 'சுகந்தி, அந்த வீடு இப்ப எவ்வளவு அமைதியா இருக்கும்னு என்னால முழுசா நினைச்சுப் பாக்க முடியலை. நீ சொல்லு. கேக்க நான் இருக்கேன்.' இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன் என்று தேன்மொழிக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது, அதில் பொய் இல்லை. அனுப்பினாள். 'யாருமே இப்படி சொல்லலடி தேனு' என்று சுகந்தி பதில் போட்டாள். கேட்பதற்கு இவள் இருந்தாளா? முதலில் நாலைந்து நாள் இருந்தாள். அப்புறம் சுகந்தியின் செய்தி வந்தால் நெஞ்சில் ஒரு கனம் ஏறும், அதைத் திறந்து படிக்காமலேயே விரலால் அழுத்தி எடுத்து அங்கே கொண்டுபோய்ப் போடுவாள், அது தருவதை இங்கே கொண்டுவந்து போடுவாள், கனம் இறங்கிவிடும், போய்த் தோசை ஊற்றலாம். பதில் இன்னும் உருக்கமாக வேண்டும் என்று அதற்குப் பழைய கதையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது நைட் ட்யூட்டிக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் போனது, இவள் டிபன் பாக்ஸில் வாழைப்பூ வடை கொண்டுபோனால் சுகந்தி அதைத் திருடித் தின்றுவிட்டு டப்பாவில் ஊறுகாயை வைத்து மூடியது. குழம்புக்கு மசாலா எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அது அளவாகப் போட்டது. சுகந்தி உருகினாள்.

அரிக்கிறது. வகிட்டுக்குப் பக்கத்தில் சுள்ளென்று அரிக்கிறது, சொறியக்கூடாது. அந்த மிஷின்மேல் இவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. புருஷனை 'யோவ்' என்பாள், மகளை எருமை என்பாள், அதனிடம் மட்டும் ஒருநாளும் மரியாதை குறைந்ததில்லை. 'எழுதுங்க', 'கொஞ்சம் மாத்துங்க', 'ரொம்ப நன்றிங்க'. ஒருநாள் அது பதிலுக்குக் கீழே தனியாக ஒன்று எழுதியிருந்தது. உங்கள் தோழி பல நாட்களாகத் தனிமையில் இருப்பதாகத் தெரிகிறது, நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும், போனிலாவது பேசுங்கள் என்று. படித்ததும் இவளுக்கு முகம் விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்லிக் காட்டியதுபோல. 'அதெல்லாம் வேண்டாம், பதில் மட்டும் எழுதுங்க' என்று அடித்தாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதியது. அதற்கு இருந்த புத்திகூட எனக்கு இல்லை. என்ன பெண் நான்? சரி, பழக்கம் எங்கேயிருந்து வந்தது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இவளுக்கும் சுகந்திக்கும் பக்கத்துப் பக்கத்து போர்டு. வெளியூர்களைச் சேர்த்துவிடுகிற டிரங்க் கால். காதில் ஹெட்போன், கையில் சொருகுகிற வயர், இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு. மதுரையில் ஒருத்தன் அழுவான், சென்னையில் ஒருத்தி அழுவாள், நடுவில் இவர்கள். சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் சரோஜினி மேடம் சொன்னது: காதில் விழும், மனசில் வாங்காதே, லைனைப் போடு, மூன்று நிமிஷம் ஆனால் சொல்லு, எடு. தேன்மொழிக்கு அது சுலபமாக வந்தது. கெட்டிக்காரி என்று பேர். சுகந்திக்கு வரவே இல்லை. ஒரு மழை நாளில், அப்பா செத்துப்போன ஒரு பையன் துபாயிலிருந்து வந்த லைனில் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தான், மூன்று நிமிஷம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று, சுகந்தி வெட்டவில்லை. வெட்டாதது மட்டுமா, ஒட்டுக்கேட்கிற கீயைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெமோ வந்தது. 'கேக்கறதுக்குக்கூட ஆள் இல்லன்னா எப்படிடி' என்றாள் மெமோவை மடித்துக்கொண்டே. தேன்மொழி அன்றைக்குச் சிரித்தாள். இப்போது அதே சுகந்தி ஒரு முனையில் அழுதாள், இவள் மறுமுனையில் அந்த மிஷினைச் சொருகிக் கொடுத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனாள். காதில்கூட விழாமல் பார்த்துக்கொண்டாள்.

"தேனு, மீன் வாங்கட்டுமா?" கொல்லைக் கதவில் தலை நீட்டினார் புருஷன் பாலசுந்தரம். கையில் பை, காலில் ஒற்றைச் செருப்பு. "சுகந்திக்கு விரால்னா உசுரு. ஆனா வருஷம் திரும்ப இன்னும் கொஞ்ச நாள் இருக்கே, சாப்பிடறாங்களா?"

"தெரியலை."

"தெரியலையா? நாள் தவறாம உனக்குத்தானே எழுதறாங்க?"

"அதெல்லாம் எழுதமாட்டா."

"பின்ன என்னதான் எழுதுவாங்க, தினம் அவ்வளவு நீளத்துக்கு?" என்றுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். "மீனும் வாங்கிட்டு வர்றேன், காயும் வாங்கிடறேன்" என்று குரல் மட்டும் வாசலிலிருந்து வந்தது.

பின்ன என்னதான் எழுதுவாள்? நேற்று மத்தியானம் தெரிந்துகொள்ளப் பார்த்தாள். உட்கார்ந்து படித்திருக்கலாம். விரலால் மேலே தள்ளத் தள்ள அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தது, சாயங்காலம் சாயங்காலமாக, ஒரு வருஷத்துச் சாயங்காலம். நடுவில் கண்ணில் பட்ட ஒரு வரி, 'அந்த செருப்ப இன்னும் எடுக்கலடி'. எந்தச் செருப்பு? பயம் வந்துவிட்டது. அப்புறம் செய்த காரியத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. மொத்தத்தையும் எடுத்து அதனிடமே போட்டு, இதில் என் தோழி என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள், சுருக்கமாகச் சொல்லுங்க என்று கேட்டாள். ஒருத்தி ஒரு வருஷம் அழுததை. அது பணிவாக எண் போட்டு எழுத ஆரம்பித்தது. ஒன்று, கணவரின் திடீர் மறைவு. இரண்டு, உறக்கமின்மை. அதற்கு மேல் இவளால் பார்க்க முடியவில்லை, போனைக் கவிழ்த்துவிட்டாள். கவிழ்த்தது கவிழ்த்தபடியே கிடக்கிறது. இப்போதும் நேரம் இருக்கிறது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கலாம், கடைசி நாலு செய்தியாவது படித்தால் என்ன சொன்னோம் என்று தெரிந்துவிடும், பரீட்சைக்குப் போகிறவள் வாசலில் நின்று புரட்டுகிற மாதிரி. சமாளித்துவிடலாம். சுகந்தி பேசிக்கொண்டே போவாள், இவள் 'ம்' கொட்டினால் போதும். 'ம்' கொட்டுவதற்காவது ஆள் வேண்டுமே, அது நானாகவே இருந்துவிடுகிறேன். சொல்லிவிட்டால்? சொன்னால் முப்பது வருஷத்துச் சிநேகிதம் போச்சு. சொல்லாவிட்டால் அவள் கட்டிக்கொண்டு அழுவாள், நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்டி என்பாள், அந்த நன்றியை இவள் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். மொய் வாங்கலாம், சீர் வாங்கலாம், இதை எப்படி வாங்குவது? அந்த மிஷினைப் பிடித்து முன்னால் நிறுத்தி, உன் நன்றியை இவங்களுக்குச் சொல்லு என்றா சொல்ல முடியும்? வகிட்டில் மறுபடியும் அரித்தது. அலசிவிடலாம், பிடித்தமட்டும் போதும் என்று எழுந்தபோது வாசலில் மணி அடித்தது.

மீன் வாங்கப் போனவர் பர்ஸை மறந்திருப்பார் என்று நினைத்து, தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தாள். சுகந்தி நின்றாள். தோளில் ஒரு பை. தலை முழுக்க வெளுத்திருந்தது, ஒரு கறுப்பு முடி இல்லை.

"அய்யய்ய, என்னடி கோலம் இது!" என்று சுகந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் நிறைந்தது. கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

தேன்மொழி பின்னால் நகர்ந்தாள். "தொடாதடி, ஒட்டிக்கும். இவ்வளவு சீக்கிரமா வந்துட்ட?"

"நல்லா இருக்கே! நீ துக்கம் கேட்க வர்றதுக்கு முன்னாடி நான் வர்றது முறையில்லைன்னு எழுதினேன். முறையாவது ஒண்ணாவது, உனக்கு எப்பத் தோணுதோ கிளம்பி வா, என் கதவு திறந்துதான் இருக்கும்னு நீதானே எழுதின. அதான் நீ சொன்னபடியே செஞ்சுட்டேன்." சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். "என்னடி, வாசனையே காணோம்? சுட்டு முடிச்சாச்சா?"

"என்னது?"

"வாழைப்பூ வடைடி. நீ வந்தா சுட்டு வைக்கிறேன், இந்தத் தடவை திருட வேண்டாம், தட்டுல வெச்சே தர்றேன்னு எழுதியிருந்தியே. அதைப் படிச்சுட்டு எத்தனை நாள் கழிச்சு சிரிச்சேன் தெரியுமா? காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கேன்."

வாழைப்பூ கிடைக்கவில்லை. இரண்டே சொல். நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சொன்னால் சுகந்தி நம்புவாள், போகட்டும் விடு என்பாள், மத்தியானம் மீன் சாப்பிடலாம். தேன்மொழி வாயைத் திறந்தாள்.

"நான் படிக்கலை சுகந்தி."

"எதைப் படிக்கலை?"

"நீ எழுதினதைப் படிக்கலை. நான் எழுதினதையும் படிக்கலை. நான் எழுதவே இல்லை. போன்ல ஒரு மிஷின் இருக்கு, அது எழுதிச்சு. நான் எடுத்து எடுத்துப் போட்டேன்."

சுகந்தி முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. "எப்பலேர்ந்து?"

"கல்யாணம் முடிஞ்சதுலேர்ந்து."

"அந்தக் குடை?"

"அது நான் சொன்னது. அதுகிட்ட சொன்னேன்."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் மைக்கில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அவர் முனை திரும்பினார். அப்புறம் சுகந்தி ரொம்ப மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். "அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்டடி அழுதேன்?"

தேன்மொழியின் நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு, துடைத்து வைத்த தரையில் விழுந்தது.

"கண்ணுல இறங்குது பாரு. வா, அலசு" என்றாள் சுகந்தி.

கொல்லையில் தேன்மொழி குனிந்து நின்றாள். சுகந்தி பக்கெட்டிலிருந்து மொண்டு ஊற்றினாள். கறுப்புத் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. முகம் தெரியாததால்தான் அதைக் கேட்கத் தைரியம் வந்தது. தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்படி ஆச்சு சுகந்தி?"

மக் அந்தரத்தில் நின்றது. இனி ஊற்றமாட்டாள் என்று தேன்மொழி நினைத்தாள். எரிகிற கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தண்ணீர் விழுந்தது.

"அன்னிக்கு அவருக்கு காபி பிடிக்கலை. கசக்குதுன்னார். சக்கரை இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்பவும் கசக்குதுன்னார். நான்தான், உங்க நாக்குலதான் கோளாறுன்னு..." இன்னொரு மக். "வாசல்ல செருப்பு மாட்டப் போனார். ஒண்ணை மாட்டினார். இன்னொண்ணை மாட்டக் குனிஞ்சவர் அப்படியே உக்காந்துட்டார். நான் உள்ளேர்ந்து, என்ன இன்னும் கிளம்பலையான்னு கத்திக்கிட்டே இருக்கேன். அடுப்புல பால் இருந்துதுடி. அதைப் பொங்க விட்டுட்டு வந்திருக்கலாம். இறக்கி வெச்சுட்டு வந்தேன்."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, யார் தூக்கினார்கள், ஆஸ்பத்திரியில் யார் முதலில் கையை விரித்தது, மாட்டாத அந்த இன்னொரு செருப்பு வாசலிலேயே கிடந்தது, கிடப்பது. தண்ணீர் கறுப்பிலிருந்து சாம்பலாகி, தெளிந்து, பக்கெட்டும் காலியாயிற்று. சொல்லி முடிகிறவரைக்கும் தேன்மொழி நிமிரவில்லை, இடுப்பு விட்டுப்போயிற்று. அவள் அழுதது சுகந்திக்குத் தெரிந்ததா என்று தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் போயிற்று. சுகந்தி கொடியிலிருந்து துண்டை எடுத்து அவள் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கையை அலம்பிக்கொண்டாள். உள்ளே போனாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சாப்பிட்டுட்டுப் போடி. அவர் மீன் வாங்கப் போயிருக்கார். காயும் வாங்கறார்."

சுகந்தி செருப்பை மாட்டினாள். முதலில் ஒன்று, அப்புறம் ஒன்று. கேட்டைத் திறந்து இறங்கி, திரும்பக் கொக்கியைப் போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. தேன்மொழிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. துக்கம் கேட்டு முடிந்த வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, அதனால்தான் சொல்லவில்லையா? கேட்டவள் நான், போகிறவள் அவள், அப்படியென்றால் எது சாவு வீடு? ஈரத் தலையும் கிழிந்த நைட்டியுமாக அவள் தெருவுக்கே ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ பார்த்தார்கள்.

"சுகந்தி! போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போடி!"

சுகந்தி நின்றாள். திரும்பவில்லை. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்து போனாள்.